ஷைனின் 1617 தொகுப்பு: ஆடவா, உட்கார்ந்து கேட்கவா?

தாளப்பித்தன்:
ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் ஹெர்மான் ஷைனின் வாத்திய ஆட்ட இசைத் தொகுப்பு 'பாங்கெட்டோ முசிகாலே'யை இன்றைய குழுக்கள் பதிவுகளில் ஏன் இப்படி மெதுவாக இழுக்கின்றன? அதில் வரும் காலியார்தா துள்ளல் ஆட்டம். ஆறு தாள அடிக்குள் நான்கு முறை கால் வைத்து, ஐந்தாவதில் எகிறி, ஆறாவதில் தரையில் நிற்க வேண்டும். இந்தப் பதிவுகளின் வேகத்தில் எந்த மனிதனும் அவ்வளவு நேரம் காற்றில் இருக்க முடியாது. ஆட்டத்தை எடுத்துவிட்டால் இந்த இசையில் உயிர் எங்கே?

வில்லிசைப்பிரியை:
இதற்கு ஆட வேண்டும் என்று யார் சொன்னது? பதுவானா, காலியார்தா, கொரெண்டே, அல்லமாண்டே, திரிப்ளா என்று ஐந்து ஆட்ட வகைகள் ஒரே வரிசையில் வரும் 20 தொகுதிகள். ஒரு தொகுதிக்குள் வரும் துண்டுகள் சுரத்திலும் கற்பனையிலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் என்று ஷைனே எழுதியிருக்கிறார். பதுவானாவில் நிதானமாக வந்த மெட்டு கொரெண்டேயில் வேறு நடையில் தலைகாட்டுவதை, ஆடிக் களைத்தவர் எப்படிக் கவனிப்பார்? உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் அது பிடிபடும்.

தாளப்பித்தன்:
திரிப்ளா எப்படிப் பிறந்தது என்பதை மறந்துவிட்டீர்களே! அல்லமாண்டேயின் அதே மெட்டை மூன்றடித் தாளுக்கு மாற்றியதுதான் அது. நடந்து ஆடியதும் குதித்து ஆடுவது ஜெர்மன் ஊர்களின் பழைய வழக்கம். அதை அப்படியே எடுத்துக்கொண்டவர், ஆட்டக்களத்தை மனதில் வைக்காமலா எழுதினார்?

வில்லிசைப்பிரியை:
சரி, அந்த இரண்டும் நான்கு குரல்தான் (குரல் என்றால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தனி வரி), எளிமையானவை. அவற்றை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் முதல் மூன்றும் ஐந்து குரல். பதுவானாவில் மேல்குரல் தொடங்கியதை நடுக்குரல் பிடிக்கும், அப்புறம் அடிக்குரல். ஆட்டத்துக்கு ஒரு மெட்டும் உறுதியான அடிக்குரலும் போதுமே, இவ்வளவு பின்னல் எதற்கு? எழுதியவர் லைப்சிக் தோமா தேவாலயத்துக்கு 1616இல் இசைப் பொறுப்பாளராக வந்தவர். ஆட்ட மெட்டு வேண்டுமென்றால் இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளர் பிரிட்டோரியஸின் 1612 தொகுப்பு 'தெர்ப்சிகோரே'க்குப் போங்கள். முந்நூறுக்கு மேல் பிரெஞ்சு ஆட்டங்கள் இருக்கின்றன, பலவற்றின் மெட்டை ஓர் ஆட்ட ஆசிரியரே கொண்டுவந்து கொடுத்தார்.

கடலோரக்காற்று:
வில்லியம் பிரேடை இருவரும் விட்டுவிட்டீர்கள். இங்கிலாந்திலிருந்து வந்து வட ஜெர்மனியில் வாசித்தவர். 1609இல் ஹாம்பர்கில் பதுவானா, காலியார்தா என்று கனமான தொகுப்பு போட்டார். 1617இல், ஷைன் வெளியிட்ட அதே ஆண்டில், பாலே, முகமூடி ஆட்டம் என்று குட்டிக் குட்டியாக இன்னொன்று. கேட்கவும் ஆடவும் ஒரே கைதான் எழுதியது.

தாளப்பித்தன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆடத் தெரிந்தவர்கள் நிரம்பிய கூடத்தில்தான் இது ஒலித்தது. உட்கார்ந்து கேட்டவரின் காலுக்கும் அந்த ஐந்தாவது அடி எங்கே விழும் என்று தெரியும். வாசிப்பவர் அதை மறைத்தால் ஷைனின் விளையாட்டும் போய்விடும்.

வில்லிசைப்பிரியை:
அடி தெரியட்டும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் வேகத்தில் இரண்டாவது மேல்குரல் முதல் குரலைத் தாண்டி ஏறும் இடம் காதில் விழாது. எனக்கு அந்த இடம்தான் வேண்டும்.