பெருங்குடி குப்பைக் கிடங்கை ஒட்டிய பொது நிலத்தில் எந்த அளவுக்குத் தடை தேவை?

கேள்வி (துரைப்பாக்கம் குடியிருப்பாளர்):

சென்னையின் பெருங்குடி கிடங்கில் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பையைப் பயோமைனிங் முறையில் பிரித்தெடுத்து, மீட்ட நிலத்தில் பூங்கா அமைக்கும் பேச்சு நடக்கிறது. கிடங்கை ஒட்டிய புறம்போக்கிலும் சதுப்புநில ஓரத்திலும் இப்போதே மாடுகள் மேய்கின்றன. மாலையானால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட இறங்கிவிடுகிறார்கள். மழைக்குப் பின் தூண்டில் போடுவோரும் உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு சாரார் எல்லாவற்றையும் வேலியிட்டு அடைக்கச் சொல்கிறார்கள்; மறுசாரார், இருக்கும் ஒரே வெட்டவெளியையும் மூடுவதா என்று கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (நிலத்தடி நீர்ப் பணியில் உள்ளவர்):

வேலி அவசியம்தான், ஆனால் வேலி ஆளைத் தடுக்குமே தவிர, கசிவுநீரைத் தடுக்காது. அந்தக் கிடங்கு அடியில் தடுப்புப் படலம் எதுவுமின்றி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மீதே கொட்டிக் கொட்டி வளர்ந்தது. குப்பைக்குள் இறங்கும் மழைநீர் அம்மோனியாவையும் உப்புகளையும் கன உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. அங்கே நீர்மட்டம் மேலேயே இருப்பதால் அது நெடுந்தூரம் இறங்க வேண்டியதும் இல்லை. ஆகவே நடமாட்டத்துக்கு முன்னால் முதலில் தடுக்க வேண்டியது, சுற்றிலும் புதிய ஆழ்துளைக் கிணறு போடுவதையும் இருக்கும் கிணற்றுநீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுப்பதையும்தான்.

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து குப்பை நிரப்பிடம் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அது புதிய இடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவு. பழைய கிடங்கைச் சுற்றி அதே அளவில் ஒரு வட்டம் வரைந்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. நிலத்தடி நீர் நகரும் திசையில் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து, அளவீடு காட்டும் தொலைவு வரை தடையை நீட்ட வேண்டும். நிரப்பிடம் மூடப்பட்ட பிறகும் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்ததுதான்.

பதில் (மண் ஆய்வாளர்):

பூங்காவைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். குப்பையைச் சலித்த பிறகு கீழே விழும் நுண்மண் பார்வைக்குக் கறுத்த எருவைப் போலவே இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கண்ணாடிச் சில்லும் ஷாம்பு உறையின் கிழிசலும் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத ஈயமும் காட்மியமும் அதில் இருக்கக்கூடும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும் இடம் பூங்கா. குப்பை அகன்றுவிட்டது என்பதாலேயே அடிமண் தூய்மையாகிவிடாது. பகுதி பகுதியாகப் பரிசோதித்து, முடிவுகளை அந்த இடத்திலேயே தமிழில் எழுதி வைத்த பின்புதான் திறக்க வேண்டும்.

இன்னொன்று, தடையை நில ஆவணத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கனால் என்ற இடத்தில் ரசாயனக் கழிவைப் புதைத்த நிறுவனம் 1953-இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. பத்திரத்தில் எச்சரிக்கை இருந்தும் பள்ளி எழுந்தது, பக்கத்தில் வீடுகள் பெருகின. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது. அறிவிப்புப் பலகை சில மழைக்காலத்தில் துருப்பிடித்து விழுந்துவிடும். புல எண்ணோடு பதிவேட்டில் எழுதியது, அடுத்து வரும் அதிகாரியின் கண்ணிலும் படும்.

பதில் (பள்ளிக்கரணைவாசி):

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தடை முதலில் விழுவது மாடு வைத்திருப்பவர்கள் மீதும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் மீதும்தான். கிடங்கோரம் மேய்ந்த மாட்டின் பாலை நாமும்தான் குடிக்கிறோம். எனவே மேய்ச்சலைத் தடுப்பது சரி, மாற்று மேய்ச்சல் நிலமோ தீவனமோ தராமல் தடுப்பது சரியன்று. 2022 ஏப்ரலில் கிடங்கு தீப்பற்றிப் புகை மூடியபோதும் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள்தாம் அதிகம் அவதிப்பட்டார்கள்.

சங்கத்தார் முதலில், எந்தத் துண்டு நிலம் யாருடையது என்று பிரித்தறிய வேண்டும். சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடாக வனத்துறையிடம் இருக்கிறது, கிடங்கு மாநகராட்சியுடையது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இந்தச் சதுப்புநிலம் சேர்ந்துவிட்டது. ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. முழு அடைப்பு வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிப்பதை விட்டுவிட்டு, கிணற்றுநீர்ப் பரிசோதனையையும் புல எண் விவரத்தையும் முதலில் கேட்கிறோம். மண் அறிக்கை வரும்வரை பிள்ளைகள் விளையாட வேறிடம் ஒதுக்குமாறு மாநகராட்சிக்குத் தனி மனு கொடுக்கிறோம். மாடு வைத்திருப்பவர்களை அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம்.