கிடங்கு ரோபோக்களுக்குத் தனி 5ஜி தேவையா, வைஃபையே போதுமா?

ரேக்ராஜா: கிடங்கில் ரோபோ விடப்போகிறேன் என்றாலே கிடங்குக்கு மட்டுமான தனி 5ஜி நெட்வொர்க் போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எதற்கு? அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கிவா ரோபோ, தரையில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்தே வழி பிடித்தது. அப்போது 5ஜி எங்கே இருந்தது?

அலைவரிசை: ஆன்லைன் மளிகை நிறுவனம் ஒகாடோவை விட்டுவிட்டீர்களே! இங்கிலாந்தில் ஆண்டோவரில் அவர்கள் கட்டிய மளிகைக் கிடங்கில், வாஷிங் மெஷின் அளவு ரோபோக்கள் கட்டம் கட்டமான தண்டவாளத்தின் மேல் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாயும். ஒன்றையொன்று உரசாத குறையாகக் கடந்து போகும். கட்டுப்பாட்டு மையம் ஒவ்வொன்றோடும் நொடிக்கு 10 முறை பேச வேண்டும். ஒரு முறை தவறினால், அதற்குள் ரோபோ 40 செ.மீ. போயிருக்கும். வைஃபையில் வேறு கருவி எதுவும் பேசவில்லையே என்று பார்த்து, முந்துகிற கருவி பேசும். ஆயிரம் ரோபோ முண்டியடித்தால்?

ரேக்ராஜா: சரி, ஆனால் ஒகாடோ போட்டது 4ஜி! அதுவும் உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வைஃபை ஓடும் அதே இடத்தில்.

அலைவரிசை: நான் நெட்வொர்க் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. செல்போன் தொழில்நுட்பத்தில் யார் எப்போது பேசலாம் என்று சிக்னல் தரும் பேஸ் ஸ்டேஷனே முறை வைத்துக் கொடுக்கும். 4ஜியோ 5ஜியோ, எனக்கு அதுதான் வேண்டும். 5ஜியில் தாமதம் 1 மில்லிநொடிதான் என்று விளம்பரத்தில் போடுவதை நானும் நம்புவதில்லை.

ஸ்கேனர்செல்வி: எங்கள் கிடங்கில் தண்ணீர் பாட்டில் பேலட்டுகளை மேல் தட்டு வரை ஏற்றியதும் அந்த வரிசையில் சிக்னல் செத்துவிடும். சரக்கு போனதும் தானாக உயிர் வரும். காலிக் கிடங்கில் சிக்னல் சர்வே எடுத்து ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) மாட்டிய புண்ணியவானைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஃபோர்க்லிஃப்ட் அடுத்த பாயின்ட்டுக்கு மாறும்போது திரை உறைந்துபோவது தனிக் கதை.

அலைவரிசை: மாறும்போது வரும் தொல்லை 5ஜியில் குறையும், எப்போது மாறுவது என்பதை நெட்வொர்க்கே முடிவு செய்யும். தண்ணீர் அலையை விழுங்குவதற்கு மட்டும் 5ஜியிலும் மருந்து இல்லை. சரக்கு நிறைந்திருக்கும்போது அளந்து, வரிசைக்கு நேராக ஆன்டெனா வையுங்கள்.

ரேக்ராஜா: ஆக, பாதி வைத்தியம் ஆன்டெனாவில்! ஸ்கேனர், லேபிள் பிரிண்டர் எல்லாம் வைஃபையோடுதான் வருகின்றன. 5ஜிக்கு சிம், நெட்வொர்க்கை நடத்தும் கோர் சர்வர், பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவு வளரும். எங்கள் ரோபோ, ஆள் குறுக்கே வந்தால் லேசரில் பார்த்துத் தானே நிற்கும். அடுத்த வேலை எது என்று கேட்க மட்டும்தான் நெட்வொர்க். அரை நொடி தாமதமானால் குடியா முழுகிவிடும்?

அலைவரிசை: அந்த மாதிரி ரோபோ இருபது முப்பது என்றால் வைஃபையே போடுங்கள், நானே சொல்கிறேன். ஒரே கட்டத்தில் ஆயிரம் ஓடுவது வேறு கணக்கு.

ரேக்ராஜா: ஆயிரம் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? மீதிப் பேரிடமும் ஏன் அதே விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள்?