புதுப்பிப்பு: குடுவை சிவந்துவிட்டது!

செலினியம் நானோ துகள் செய்யும் முயற்சியில், டிரைக்கோடெர்மா பூஞ்சையை வளர்த்த திரவத்தின் வடிநீரில் சோடியம் செலினைட் (ஒரு செலினியம் உப்பு) ஊற்றியும் நிறமே மாறவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, தப்பு என்னுடையதுதான். கிருமி போகட்டும் என்று வடிநீரை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வேகவைத்துவிட்டேன். செலினைட்டைச் செலினியமாக மாற்ற வேண்டிய நொதிகள் அதிலேயே காலி!

இந்தத் தடவை சூடாக்காமல், கிருமியைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். மூன்றாம் நாள் காலை, பெங்களூரு குளிரில் ஸ்வெட்டரோடு ஆய்வகம் போனால், குடுவை முழுக்கத் தக்காளி ரச நிறம். வடிநீர் சேர்க்காத குடுவை மட்டும் வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தது. அந்தச் சிவப்பு, தனிமச் செலினியம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்வரை நானோ துகள் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், இதைக் குடிக்கலாமா என்று கேட்ட அண்ணாவுக்கு: வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் செலினியம் போதும். தொடர்ந்து அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். நான் முதலில் தக்காளி நாற்றுகளை அழுகவைக்கும் பூஞ்சையின் மேல்தான் சோதிக்கப் போகிறேன்.