செவ்வகப் பான்டூனுக்கு மாரிசன் உறுப்பு: விட்டத்தை எடுத்துவிட்டால் வேறு எங்கெல்லாம் கை வைக்க வேண்டும்?

அலைமானி:
வணக்கம். மிதக்கும் காற்றாலைகளுக்காக எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிமுலேஷன் நிரல் வைத்திருக்கிறோம். மிதவையை நீள உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் நீர் தரும் விசையை மாரிசன் சூத்திரத்தால் (நீரின் வேகம், முடுக்கம் இரண்டிலிருந்தும்) கணக்கிடும். அதில் இதுவரை எல்லா உறுப்பின் குறுக்குவெட்டும் வட்டம்தான். முனைக்கு ஒரு விட்டம், ஒரு தகட்டுத் தடிமன், அவ்வளவே. செவ்வகத்தைச் சேர்க்கும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது மெய்ன் பல்கலைக்கழகத்தின் வோல்டர்ன்யுஎஸ்-எஸ், 15 மெகாவாட் மாதிரிக் காற்றாலைக்காக 2020இல் வெளியான மிதவை. தூண்கள் நான்கும் வட்டம். நடுத்தூணையும் வெளித்தூண்களையும் அடியில் இணைக்கும் மூன்று பான்டூன்கள் மட்டும் செவ்வகம். 12.5 மீ அகலம், 7 மீ உயரம்.

முன்பெல்லாம் நாங்கள் செய்தது இதுதான்: பரப்பு 87.5 சதுர மீட்டர், அதே பரப்புள்ள வட்டத்துக்கு விட்டம் 10.56 மீ, அதைப் போட்டுவிடுவோம். மிதப்பு விசை சரியாக வரும். ஹீவ் அசைவில்தான் உதைக்கிறது. செவ்வகத்துக்கான அட்டவணைக் குணகத்தை, சுமார் 1.39, வைத்துக் கணக்கிட்டால் மேலும் கீழுமான அசைவில் பான்டூனின் கூடுதல் நிறை (அசையும்போது கூடவே தள்ளவேண்டிய நீரின் நிறை) மீட்டருக்கு 175 டன். வட்டத்துக்கு 90 டன்தான். பக்கவாட்டில் தலைகீழ்: செவ்வகத்துக்கு 66, வட்டத்துக்கு அதே 90. ஒரு பான்டூன் சுமார் 40 மீ நீளம், மூன்று இருக்கின்றன. மொத்தம் பத்தாயிரம் டன்னுக்கு மேல் காணாமல் போகிறது. 20 விநாடிக்குச் சற்று மேல் இருக்க வேண்டிய ஹீவ் அலைவுக் காலம் என் கணக்கில் 18க்கு இறங்கிவிடுகிறது. பெரும்புயலின் நீண்ட அலைகளை நோக்கி இரண்டு விநாடி நெருங்குவது சின்ன விஷயம் இல்லை.

கூடுதல் நிறை, இழுவை இரண்டுக்கும் திசைக்கு ஒன்றாகத் தனித்தனிக் குணகம் வைத்துவிட்டேன். வளைவு விறைப்பும் இரண்டு திசைக்குத் தனியாக. வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

நங்கூரம்:
விட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வட்ட உருளையைத் தன் அச்சில் எவ்வளவு உருட்டினாலும் நீருக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தம் எல்லாம் மையத்தை நோக்கியே இருப்பதால் மிதப்பு விசை எப்போதும் அச்சு வழியேதான் போகும். அதனால் வட்டத்துக்காக எழுதிய நிரலில் அச்சைச் சுற்றிய திருப்புவிசையை யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். செவ்வகத்துக்கு அது வேண்டும், அச்சைச் சுற்றிய கூடுதல் நிறையும் வேண்டும்.

வோல்டர்ன்யுஎஸ் பான்டூன் எப்போதும் நீருக்குள்ளேயே இருப்பதால் இந்தப் பிழை அதில் உறைக்காது. பிரான்சில் லெ க்ரொசிக் கடலில் நிறுவிய ஃப்ளோட்ஜென் போன்ற காற்றாலை மிதவையை யாராவது உங்கள் நிரலில் போடுவார்கள். 36 மீ பக்கமுள்ள சதுர வளையம், நடுவே திறந்த குளம். அதை நான்கு பெட்டி உறுப்புகளாகப் பிரித்தால் நான்குமே நீர்மட்டத்தை வெட்டும். ஒரு மூலை மட்டும் நனைந்த செவ்வகத்தின் பரப்பையும் மையத்தையும் பலகோணமாக வெட்டிக் கணக்கிடுங்கள். சூத்திரம் தேடினால் வகை வகையாகப் பிரிந்துகொண்டே போகும்.

சோதனை எளிது. 12.5 மீ அகலம், 7 மீ உயரமுள்ள நீளப் பெட்டியை 3.5 மீ ஆழம் நனையவிட்டு லேசாகச் சாயுங்கள். ஈர்ப்பு மையம் பெட்டியின் நடுவில் இருந்தால் மெட்டாசென்டர் (லேசாகச் சாய்ந்ததும் மிதப்பு விசையின் கோடு பெட்டியின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) அதற்கு மேலே 1.97 மீட்டரில் வர வேண்டும்.

கிழக்குவாடை:
நங்கூரம் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. வட்டத்துக்கு எது மேல், எது பக்கம் என்ற கேள்வியே கிடையாது. செவ்வகத்துக்கு அதுதான் முதல் கேள்வி. இரண்டு முனைப்புள்ளிகள் போதாது, சுழற்சிக் கோணம் ஒன்று வேண்டும். அதைவிட, கோணம் பூஜ்யம் என்றால் அகலம் எந்தப் பக்கம் என்பதைக் கையேட்டில் படம் போட்டுக் காட்டுங்கள். உங்கள் எண்களையே பாருங்கள்: பான்டூனை யாராவது 90 பாகை திருப்பிப் போட்டுவிட்டால் 175 இருந்த இடத்தில் 66 வந்து உட்காரும், மிதப்பு விசை மாறாது, நிரலும் முணுமுணுக்காமல் ஓடும்.

செங்குத்து உறுப்பில் கவனம். உள் அச்சுகளை வான்திசையோடு குறுக்குப் பெருக்கம் செய்து எடுக்கிறீர்கள் என்றால், அங்கே விடை பூஜ்யம்.

இழுவையில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு திசையிலும் வேகத்தின் பங்கை எதனால் பெருக்குவது? குறுக்கு வேகத்தின் முழு அளவாலா, அந்தத் திசையின் பங்காலேயா? சாய்வாக ஓட்டம் வரும்போது இரண்டும் வெவ்வேறு விசை தரும். எதை எடுத்தாலும் எழுதி வையுங்கள்.

அலைமானி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே பெட்டிச் சோதனையை ஓட்டினேன். 1.97 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 1.75 வந்தது, பெட்டி கவிழ்ந்தே போனது. நனைந்த பகுதியின் மையத்தை நிமிர்ந்த நிலையில் ஒரு முறை எடுத்து, அதை உறுப்போடு ஒட்டிவைத்திருக்கிறேன். சாயும்போது மையம் பக்கவாட்டில் நகர்வது கணக்கில் வரவே இல்லை. பலகோண வெட்டு போட்டதும் 1.97 வந்துவிட்டது.

சுழற்சிக் கோணத்துக்கும் ஒரு சோதனை சேர்த்தேன்: உறுப்பை 90 பாகை திருப்பி, அகலத்தையும் உயரத்தையும் குணகங்களோடு இடம் மாற்றிக் கொடுத்தால் விசை மாறக்கூடாது. கிடையிலும் சாய்விலும் தேறியது. செங்குத்தில், கிழக்குவாடை சொன்ன அதே இடத்தில், பூஜ்யத்தால் வகுத்து நின்றது. அங்கே அகலம் எக்ஸ் திசையில் என்று நிலையாக வைத்திருக்கிறேன். இழுவைக்கு முழு அளவை எடுத்திருக்கிறேன், கையேட்டில் படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.