உரிமம் வேண்டாத சோர்ஸ்: சட்டம் விலக்கு தருவது அணுவுக்கா, பொருளுக்கா?

கைகர்முள்:
கல்லூரி லேபுக்கு கைகர் கவுண்டரோடு சேர்த்து வாங்கும் வில்லை சோர்ஸ்களுக்கு (கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு அடைத்த வட்டத் தகடுகள்) உரிமம் வேண்டுமா என்று பக்கத்து இழையில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொன்ன நான்கு பேரும் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் (என்.ஆர்.சி.) விதியில் பிரிவு 30.18 தெளிவாக இருக்கிறது. அட்டவணையில் உள்ள அளவுக்கு மேல் போகாத சோர்ஸை வாங்கவோ வைத்திருக்கவோ பயன்படுத்தவோ உரிமம் தேவையில்லை. சீசியம்-137 என்றால் 10 மைக்ரோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), கோபால்ட்-60 என்றால் 1, ஸ்ட்ரான்சியம்-90 மற்றும் பொலோனியம்-210 என்றால் 0.1. வரம்பு ஒவ்வொரு வில்லைக்கும்தான், அலமாரிக்கு அல்ல. இருபது வில்லை வாங்கினால் இருபதும் விலக்குக்குள்தான் வரும்.

விதிநூல்:
முதல் பாதி சரி, கடைசி வரியில்தான் சிக்கல். அதே பிரிவில் (உ) உட்பிரிவு என்று ஒன்று உண்டு. கதிர்வீச்சு அளவைக் கூட்டும் நோக்கத்தோடு விலக்கு பெற்ற அளவுகளை ஒன்றுசேர்த்து, மொத்தம் வரம்பைத் தாண்டவிடக் கூடாது. இருபது வில்லையை இருபது டப்பாவில் வைத்திருப்பது வேறு, ஒரே ஹோல்டரில் அடுக்கி ஒரு கருவிக்குள் சொருகுவது வேறு.

கணக்கு இதோ. 10 மைக்ரோகியூரி சீசியம் 10 செ.மீ. தூரத்தில் மணிக்கு சுமார் 3 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின், அதாவது டோஸின் அலகு) தரும். இருபதை அடுக்கினால் 60-க்கும் மேல். அதைப் பார்த்து யாரும் 'விலக்கு பெற்ற சோர்ஸ்' என்று சொல்ல மாட்டார்கள்.

விற்பவர் பக்கத்திலும் பூட்டு இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் 10 அளவுகளுக்கு மேல் விற்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொதிய வேண்டும். வெளிப்பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 0.5 மில்லிரெம்மை (5 மைக்ரோசீவர்ட்) தாண்டக் கூடாது. முழு வரம்பில் பத்து சீசியம் வில்லையை ஈயம் இல்லாமல் அனுப்பினால், நடுவிலிருந்து பெட்டிச் சுவர் வரை எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட 26 செ.மீ. இடம் விட வேண்டும். லேபிளிலேயே 'இவற்றை ஒன்றுசேர்க்காதீர்' என்ற எச்சரிக்கை அச்சாகி வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு 'வில்லைக்குத்தான் வரம்பு' என்று மட்டும் படித்தால் எப்படி?

கைகர்முள்:
அடுக்குவதைப் பற்றி நான் பேசவே இல்லை, வைத்திருப்பதைப் பற்றித்தான் சொன்னேன். அதில் உங்களுக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் வாதம் வேறு. இந்த விலக்கு விதிகள் ஆபத்தை அளந்து எழுதியவை மாதிரி தெரியவில்லை. வீட்டுக் கூரையில் மாட்டும் புகை உணரியில் அமெரிசியம்-241 ஒரு மைக்ரோகியூரி அளவில், அதாவது 37,000 பெக்கரல் வரை இருக்கும். அதற்கு வீட்டுக்காரர் எந்த உரிமமும் எடுக்க வேண்டாம். ஆனால் அதே அமெரிசியத்தில் நூறில் ஒரு பங்கை லேபுக்கென்று வில்லையாக வாங்கப் போனால் விலக்கு அட்டவணையில் அந்தப் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாத மற்ற ஐசோடோப்புகளுக்கு 0.1 என்று ஒரு பொது வரி உண்டு, அதிலும் ஆல்ஃபா உமிழ்வனவற்றைக் கழித்துவிட்டார்கள். நூறு மடங்கு அதிகமானது கூரையில் தொங்கலாம், நூறில் ஒன்று மேசையில் இருக்கக் கூடாது. இது என்ன நியாயம்?

விதிநூல்:
நியாயம் இருக்கிறது, அணுவைப் பார்த்தால்தான் தெரியாது. விலக்கு அமெரிசியத்துக்குக் கொடுத்தது அல்ல, புகை உணரி என்ற பொருளுக்குக் கொடுத்தது. பிரிவு 30.20-ஐ நிதானமாகப் படியுங்கள். வாங்குபவருக்கு விலக்கு, ஆனால் தயாரித்துச் சந்தைக்கு விடுபவருக்கு 32.26-இன் கீழ் தனி உரிமம். உடைந்தால், எரிந்தால், குப்பைக்குப் போனால் எவ்வளவு டோஸ் என்று அவர் முன்கூட்டியே கணக்குக் காட்ட வேண்டும். தங்கத்தோடு அழுத்தி மூடிய தகடு, அதைச் சுற்றி அறை, அதன்மேல் உறை. ஆபத்தை ஏற்கெனவே ஒருவர் சுமந்துவிட்டதால்தான் வீட்டுக்காரர் சுமக்க வேண்டியதில்லை.

தகட்டைப் பிடுங்கி எடுத்த நிமிடமே அது புகை உணரி இல்லை. மேலே உள்ள மெல்லிய உலோகப் படலம் சுரண்டப்பட்டால் ஆல்ஃபா உமிழும் தூள் விரலில் ஒட்டும். வெளியில் தோலைத் தாண்டாத அதே ஆல்ஃபா, மூச்சில் போனால் நுரையீரலில் உட்கார்ந்துகொள்ளும். அரை ஆயுள் 432 ஆண்டு. மிச்சிகனில் டேவிட் ஹான் என்ற பள்ளி மாணவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் புகை உணரியிலிருந்து அமெரிசியத்தையும் விளக்கு மேண்டிலிலிருந்து தோரியத்தையும் சேர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். 1995-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்து அந்தக் கொட்டகையைப் பிரித்து அள்ளியது. அவர் சேர்த்ததில் பெரும்பகுதி தனித்தனியாகப் பார்த்தால் கடைச் சரக்குதான்.

டங்ஸ்டன்_முனை:
மேண்டில் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நம் ஊர் பெட்ரோமாக்ஸ் வலையிலும் இருந்தது அதே தோரியம்தான். ஆனால் விதிநூல் சொல்லும் 'பொருளுக்கு விலக்கு' என்ற தர்க்கம் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் கம்பி முனையில் மின்பொறி எழுப்பிச் செய்யும் வெல்டிங்) உடைகிறது, அதைக் கொஞ்சம் பாருங்கள்.

சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பியில் 2% தோரியா (தோரியம் ஆக்சைடு). 2.4 மி.மீ. கனம், 150 மி.மீ. நீளம் என்றால் ஒரு கம்பி சுமார் 13 கிராம், அதில் தோரியம் 0.23 கிராம், தோரியம்-232 மட்டும் 930 பெக்கரலுக்கு மேல். அமெரிக்காவில் பிரிவு 40.13 வெல்டிங் கம்பியில் உள்ள தோரியத்துக்கு அளவே வைக்காமல் விலக்கு தருகிறது. ஆயிரம் கம்பி வைத்திருந்தாலும் கேள்வி இல்லை.

பன்னாட்டு அணுசக்தி முகமையின் விலக்கு அட்டவணையில் போட்டுப் பாருங்கள். தோரியம்-232 தனியாக என்றால் 10,000 பெக்கரல், அதன் வழித்தோன்றல்களோடு சமநிலையில் இருக்கும் இயற்கைத் தோரியம் என்றால் 1,000. முதல் கணக்கில் பத்துக் கம்பிப் பாக்கெட் மயிரிழையில் தப்பிக்கும், பதினோராவது கம்பி வெளியே போகும். இரண்டாவது கணக்கில் இரண்டாவது கம்பியே தாண்டும். ஒரே கம்பிக்கு மூன்று விடை.

இவ்வளவு பேசும் விதி கிரைண்டிங்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. கம்பி சும்மா கிடக்கும்போது எந்தத் தொல்லையும் இல்லை. முனை தீட்டும்போது வரும் தூள்தான் தொல்லை. புகை உணரியைப் பிரிப்பது தவறான பயன்பாடு. கம்பியைத் தீட்டுவதோ தினமும் செய்ய வேண்டிய சரியான பயன்பாடு. அப்படியிருக்க உருவத்தை நம்பி விலக்கு கொடுத்தது எந்தக் கணக்கில்?

விதிநூல்:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். கம்பி, மேண்டில் விலக்குகளெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு, உணரி மாதிரி வடிவமைப்பைச் சோதித்துக் கொடுத்தவை அல்ல. விற்பனைக்கு விடுபவர் உரிமம் எடுக்க வேண்டும் என்பதே 2013-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-க்கு முன் செய்த யுரேனியப் பூச்சுப் பீங்கான் தட்டுகளுக்கு மட்டும் விலக்கு என்று நிறுத்தியதும் அதே திருத்தம்தான்.

ஆனால் அணுசக்தி உரிமம் வேண்டாம் என்றால் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பலரும் வழுக்குவது இங்கேதான்.

டங்ஸ்டன்_முனை:
சரி, பட்டறைக்காரர்களுக்கு உருப்படியாக ஒன்று: தூள் உறிஞ்சும் வசதி உள்ள தனி கிரைண்டர், டங்ஸ்டனுக்கு மட்டும் ஒதுக்கிய டைமண்ட் சக்கரம், தீட்டுவது நீளவாக்கில். தூளை ஏர் கன்னால் ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். அதைவிடச் சுலபம், நீல முனை (2% லாந்தனம்) கம்பிக்கு மாறிவிடுவது. டி.சி.யிலும் ஏ.சி.யிலும் ஓடும், இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம்.

பழையகடிகாரம்:
நடுவில் ஒரு சந்தேகம். ரேடியம் முள் வைத்த பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்களுக்கும் இதே விலக்குத்தானே?

விதிநூல்:
பாதிதான். 2007 நவம்பர் 30-க்கு முன் செய்தது, பிரிக்காமல் முழுசாக இருப்பது, ரேடியம் 1 மைக்ரோகியூரிக்குள், இந்த மூன்றும் இருந்தால் விலக்கு. தனியாகக் கழற்றிய முள், டயல், உடைந்த கடிகாரம் எல்லாம் 31.12-இன் 'பொது உரிமம்' பக்கம் போய்விடும். பொது உரிமம் விலக்கு இல்லை. விண்ணப்பமோ சான்றிதழோ வேண்டாம் என்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் கடமைகள் உண்டு: சேதமாகி ரேடியம் வெளியேற வாய்ப்பு தெரிந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கைவிட்டுப் போகக் கூடாது, கண்ட இடத்தில் கழிக்கக் கூடாது. பொது உரிமத்தில் கடிகாரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கலாம், விமானத்து ரேடியம் மீட்டரைப் பிரிக்க அனுமதி கிடையாது.

கைகர்முள்:
அதாவது மூடியிருக்கும்வரை கடிகாரம், திறந்தால் சட்டப்பிரச்சினை. நான் ஆரம்பத்திலிருந்து கேட்டது இதைத்தான். சாமானியனுக்கு இது எப்படித் தெரியும்? விலக்கு பெற்ற பொருளின் மேல் எங்கே முடிகிறது விலக்கு என்று எழுதியிருக்க வேண்டாமா?

விதிநூல்:
வில்லையில் எழுதியிருக்கிறது, கடிகாரத்தில் இல்லை. அந்தக் குறையை மறுக்கவில்லை.

கேட்டவருக்கு நேர்ப்பதில்: நீங்கள் இந்தியாவில் என்றால் மேலே சொன்ன அமெரிக்க எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஏ.இ.ஆர்.பி.யின் (இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஈ-லோரா என்ற இணைய உரிமத் தளத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள், சுங்கத்தில் பார்சல் நின்ற பிறகு அல்ல. அமெரிக்காவில் என்றால் சீசியம், கோபால்ட், ஸ்ட்ரான்சியம் மூன்றும் உள்ள செட் போதும். ஒரே வில்லையில் இரண்டு ஐசோடோப்பு கலந்து வந்தால் பின்னங்களைக் கூட்டுங்கள்: சீசியம் 5, கோபால்ட் 0.5 என்றால் இரண்டும் அரை அரை, கூட்டினால் 1, சரியாக வரம்பில் நிற்கும். ஆல்ஃபா வேண்டுமென்றால் பொலோனியம் வாங்குங்கள், ஆனால் அரை ஆயுள் 138 நாள்தான். ஜூனில் வாங்கினால் அடுத்த ஜூனில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம்.

கைகர்முள்:
அதனால்தான் எல்லாரும் புகை உணரியைப் பிரிக்கிறார்கள்.