கதவு திறக்க வந்தவர் கேட்ட 14,500 ரூபாய்: கொடுத்தது என் பிழையா?

உவர்மலையான்:
கடந்த வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில் நானும் அம்மாவும் முற்றத்தில் நின்றபோது கடற்காற்று முன்கதவை அடித்துச் சாத்திவிட்டது. திறப்பு உள்ளே மேசையில் கிடந்தது. கைபேசி மட்டும் என்னிடம் இருந்தது. இணையத்தில் தேடி, முதலில் வந்த இலக்கத்தை அழைத்தேன். "1,500 ரூபாயிலிருந்து செய்து தருகிறோம்" என்றார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தவர் டோர்ச் வெளிச்சத்தில் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது கம்பியால் திறக்கிற பூட்டு இல்லை, துளைக்கத்தான் வேண்டும்" என்றார். நான் பதில் சொல்லுமுன்பே பற்றரி ட்றில்லை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. பிறகு தன் பையிலிருந்த சிலிண்டர் (பூட்டில் திறப்பு நுழைகிற உருளைப் பகுதி) ஒன்றைப் பொருத்திவிட்டு, இரவுக் கட்டணம், பயணக் கட்டணம், துளைத்த கூலி, சிலிண்டர் விலை என்று எண்ணி 14,500 ரூபாய் கேட்டார். பற்றுச்சீட்டு இல்லை. அம்மா களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்ததால் வாதாடாமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் திருகோணமலை மத்திய வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் அதே வகைச் சிலிண்டரின் விலையை விசாரித்தேன், 3,200 ரூபாய். இப்படிப்பட்டவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இங்கே ஒரு பட்டியலாக வெளியிட்டால் அடுத்தவராவது தப்புவார் என்பது என் எண்ணம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

திறப்புக்காரர் மகன்:
ஐயா, உங்களுக்கு நடந்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் பட்டியல் என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா இந்த ஊரில் முப்பது வருடங்களுக்கு மேலாகத் திறப்பு வெட்டுகிறார். மழைக்கு ஒரு தகரக் கூரை, வெட்டும் மெஷின் ஒன்று, அரங்கள் சில, இவ்வளவுதான் அவருடைய கடை. ஆட்கள் அவரிடம் வந்து, "மூன்று நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். மூன்று நிமிடத்தில் முடிப்பதற்கு அவர் எத்தனை வருடம் விரலைக் கிழித்துக்கொண்டார் என்று எவரும் கேட்பதில்லை. இரவு பத்தரை மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறவருக்குப் பெற்றோலும் உண்டு, உறக்கமும் உண்டு.

கார் திறப்பு என்றால் கணக்கே வேறு. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல வாகனங்களில் திறப்பின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. உலோகத்தைச் சரியாக வெட்டினாலும், அந்தச் சிப்பை வாகனத்தின் கணினிக்கு அறிமுகப்படுத்தாவிட்டால் இயந்திரம் இயங்காது. அதற்கான கருவியின் விலை தெரியாதவர்கள்தான் எங்களைக் கொள்ளைக்காரர் என்கிறார்கள். கோபத்தில் ஒருவர் எழுதும் ஒரு வரி, நேர்மையாகத் தொழில் செய்கிறவரின் அடுப்பையும் அணைத்துவிடும். "1,500 ரூபாயிலிருந்து" என்று சொன்னபோது "எது வரைக்கும்?" என்று நீங்களும் கேட்டிருக்கலாமே.

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, "கேட்டிருக்கலாமே" என்று பகலில், கதிரையில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். போன வருடம் என் கணவர் வெளிநாட்டில் இருந்த சமயம் படுக்கையறைப் பூட்டு இறுகி, சின்ன மகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டாள். வந்தவர் கதவைத் திறந்த பிறகு, தொலைபேசியில் சொன்னதைப் போல மூன்று மடங்கு கேட்டார். நான் மறுக்கவில்லை, அதற்குக் காரணம் பணம் அல்ல. என் வீட்டின் எந்தக் கதவில் எந்தப் பூட்டு இருக்கிறது, வீட்டில் ஆண்கள் இல்லை என்பதெல்லாம் அந்த மனிதருக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவரைக் கோபப்படுத்தி அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. மற்றத் தொழிலாளர் கூடுதலாகக் கேட்பதற்கும் பூட்டுக்காரர் கூடுதலாகக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: வாசலில் நிற்பவரிடம் பேரம் பேசுகிற நிலையில் நாங்கள் இருப்பதில்லை. ஆகவே பட்டியல் வேண்டும் என்பதே என் கருத்தும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
இருவரும் இரண்டு விடயங்களைக் கலந்து பேசுகிறீர்கள். அதிகமாகக் கேட்பது வேறு, ஏமாற்றிக் கேட்பது வேறு. பூட்டுத் திறப்பதற்கு அரசாங்கம் விதித்த கட்டுப்பாட்டு விலை எதுவும் கிடையாது. முன்கூட்டியே 14,500 என்று சொல்லி, நீங்களும் சம்மதித்திருந்தால் அதில் குற்றம் காண்பது கடினம். ஆனால் ஒரு விலையைச் சொல்லி வரவழைத்து, தேவையில்லாத வேலையைத் தேவை என்று கூறி வேறு விலை வாங்குவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிற தவறாக வழிநடத்தும் நடத்தைக்குள் வரக்கூடியது. சேவை வழங்குகிறவர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம், எவரும் வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகவே அச்சட்டம் கொள்கிறது.

அந்த அதிகாரசபைக்குக் கொடுக்கும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அநேகர் இந்த மூன்று மாதத்தைப் புலம்பியே கழித்துவிடுகிறார்கள். அவர்களுடைய 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். விசாரணையின் பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அவதூறு இலங்கையில் 2002 முதல் குற்றவியல் குற்றமில்லை என்றாலும், குடியியல் வழக்குத் தொடரலாம்; போதாததற்கு, இணையத்தில் எழுதுவதைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. (அதுவும் 9ஆம் இலக்கம்தான். எந்த 9ஐக் கையில் எடுப்பது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.)

உவர்மலையான்:
ஐயா, சட்டம் விளங்குகிறது. ஆனால் பற்றுச்சீட்டே இல்லாமல் நான் எதைக் கொண்டுபோய் நீட்டுவது? அந்த ஆள் தேவையில்லாமல்தான் துளைத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? பழைய சிலிண்டர் மட்டும் குப்பை வாளியில் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

திறப்புக்காரர் மகன்:
படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். அன்று கதவு வெறுமனே அடித்துச் சாத்தியதா, அல்லது நீங்கள் திறப்பால் பூட்டியிருந்தீர்களா? திறப்பு நுழையும் துளையைச் சுற்றிய பித்தளை முகத்தில் கம்பி உரசிய கீறல் ஏதாவது இருக்கிறதா?

உவர்மலையான்:
காற்றுத்தான் சாத்தியது, திறப்பால் பூட்டவில்லை. முகத்தில் கீறல் எதுவும் இல்லை. துளை மட்டும் நடுவிலிருந்து விலகி, சரிவாக, இரண்டு இடத்தில் இருக்கிறது.

திறப்புக்காரர் மகன்:
அப்படியானால் நான் முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. காற்றுச் சாத்திய கதவைப் பிடித்திருப்பது, பூட்டிலிருந்து நீண்டு நிலைக்குள் நிற்கும் சரிவான நாக்கு மட்டுமே. வேலை தெரிந்தவர் அதை வளையும் பிளாஸ்ரிக் தகட்டால் பின்னுக்குத் தள்ளிவிடுவார். சிலிண்டரைத் தொடவே தேவையில்லை. தகடு சரிவராவிட்டால் அடுத்ததாகக் கம்பி. உங்களுடையது 1860களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அதே ஊசி அமைப்பு: உள்ளே இருக்கும் சிறு ஊசிகளைத் திறப்பின் பற்கள் உயர்த்தி ஒரே கோட்டில் நிறுத்தும்போதுதான் உருளை சுழலும். கம்பியால் முயன்றிருந்தால் பெரும்பாலும் பித்தளையில் அடையாளம் விழுந்திருக்கும். உங்களிடம் வந்தவர் முயன்றதாகவே தெரியவில்லை. துளைக்க வேண்டியிருந்தாலும் ஊசிகள் பிரியும் அந்தக் கோட்டில் ஒரே துளைதான் போடுவார்கள். இவர் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார். அதாவது வேலையும் தெரியாது, சிலிண்டர் விற்கும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார். "இவனெல்லாம் திறப்புக்காரனா, தச்சன் வீட்டுப் பெடியன்" என்றார் அப்பா. தச்சர்கள் மன்னிக்கவும்.

ஆனால் பட்டியல் விடயத்தில் நான் மாறவில்லை. இந்தச் சிலிண்டர் முறைப்பாட்டுக்குச் சாட்சி, ஆத்திரத்துக்குச் சாட்சியாக்கிவிடாதீர்கள்.

நிலாவெளி விடுதிக்காரர்:
பட்டியலும் சட்டமும் ஒரு பக்கம் இருக்கட்டும். கடற்கரையில் ஆறு அறைகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: இந்த ஊரில் பூட்டுக்காரரை அழைப்பவர்களில் பாதிப் பேருக்குப் பூட்டில் கோளாறே இல்லை. வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் மரக்கதவு ஊறிப் பருத்து நிலையோடு இறுகுகிறது, நாக்கு அதன் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது, திறப்பு சுழலாது. அதற்குத் தேவை தச்சரின் சீவுளி. ஆனால் அழைக்கப்படுகிறவர் பூட்டுக்காரர் என்பதால் தீர்வும் புதிய பூட்டாகவே அமைகிறது. மற்றப் பாதி உப்புக் காற்றின் வேலை. பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதன் பின்னுள்ள சிறு சுருள்கம்பி துருப்பிடிக்கும். நம் ஆட்கள் உடனே தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். நான் பென்சில் முனையைச் சுரண்டிய கரியைத் திறப்பில் தடவி நாலு தரம் செலுத்தி எடுப்பேன்.

சிலிண்டர் மாற்றவும் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவின் விளிம்பில், நாக்குக்குக் கீழே ஒரு நீளத் திருகாணி இருக்கிறது. அதைக் கழற்றி, திறப்பைச் சற்றுத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் கேளுங்கள்.

சாம்பல்தீவு அக்கா:
நல்லது அண்ணா, ஆனால் பிள்ளை உள்ளே அழும்போது பென்சில் கரி உதவாது. அந்த நேரத்துக்கு என்ன செய்வது?

திறப்புக்காரர் மகன்:
அக்கா, அழைக்கும்போதே மூன்று விடயங்களைச் சொல்லச் சொல்லி, அவற்றை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்: வந்து சேரும் செலவு, உடைக்காமல் திறக்கும் கூலி, உடைக்க நேர்ந்தால் மொத்தம் எவ்வளவு. அனுப்பத் தயங்குகிறவரை வரச் சொல்லாதீர்கள். ஆள் வருமுன் அயல்வீட்டார் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அயலவர் ஒருவர் நிற்காமல் எந்த வீட்டுக் கதவையும் திறப்பதில்லை; அழைத்தவர் வீட்டுக்காரர்தானா என்பது அவருக்கும் தெரிய வேண்டுமே. அயலவர் நிற்கும்போது விலை ஏறுவதும் அபூர்வம்.

சாம்பல்தீவு அக்கா:
இது சரி. ஆனாலும் பட்டியல் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. கெட்டவர் பெயரை எழுதப் பயம் என்றால் நல்லவர் பெயரையாவது எழுதுங்கள். உங்கள் அப்பாவின் இலக்கத்திலிருந்தே தொடங்குங்களேன்.

திறப்புக்காரர் மகன்:
அப்பாவிடம் கேட்டேன். "இரவு பத்து மணிக்குப் பிறகு எவரும் அழைப்பு எடுக்கக்கூடாது" என்ற நிபந்தனையோடு யோசிக்கிறாராம். யோசித்து முடிக்க எவ்வளவு காலமாகும் என்று சொல்ல முடியாது.

உவர்மலையான் ஐயாவிடம் அப்பா இன்னொன்றும் கேட்கச் சொன்னார். புதிய சிலிண்டர் பெட்டியோடு வந்ததா? எத்தனை திறப்புகள் தந்தார்?

உவர்மலையான்:
பெட்டியும் குப்பை வாளியில் இருந்தது. அதில் ஐந்து திறப்புகள் என்று அச்சிட்டிருக்கிறது. எங்களிடம் இருப்பவை மூன்று.

திறப்புக்காரர் மகன்:
மற்ற இரண்டும் எங்கே? இன்று இருட்டுமுன் அந்தச் சிலிண்டரைக் கழற்றுங்கள். முறைப்பாட்டில் இதையும் எழுதுங்கள். விலையைவிட இதுவே பெரிது.

உவர்மலையான்:
கழற்றிவிட்டேன். அம்மா டோர்ச் பிடித்தார். நிலாவெளி அண்ணா சொன்ன அந்த ஒரு திருகாணிதான். திருப்புளி வைத்து அரைச் சுற்றுத் திருப்பியதும் கையோடு வந்துவிட்டது, அவர் அதை இறுக்கவே இல்லை. மத்திய வீதியில் வாங்கிய புதிய சிலிண்டருக்கு 3,200 ரூபாய், ஐந்து திறப்புகள், பற்றுச்சீட்டு. ஒரு திறப்பை அயல்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டோம். முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன்; துளைத்த சிலிண்டரையும் அவருடைய சிலிண்டரையும் பெட்டியையும் மூன்று திறப்புகளையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை கொண்டுபோகிறேன்.