அப்டேட்: குடியை நிறுத்துனதும் சித்தப்பாக்கு கை நடுங்குதுன்னு கேட்டிருந்தேன்ல

3 வாரம் முன்னாடி எழுதுனது, 20 வருஷமா தினமும் குடிச்ச சித்தப்பா திடீர்னு நிறுத்திட்டாரு, ரெண்டாம் நாள் கை நடுங்குது, சுவத்துல எறும்பு ஊருதுங்காரு, மோர் குடுத்தா போதுமான்னு கேட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொன்ன எல்லாரையும் கையெடுத்து கும்பிடுறேன். அத்தை மக கேரளால புனலூர் பக்கம் நர்ஸா இருக்கா, அதனால செங்கோட்டைல கார் புடிச்சு அங்க போனோம், ஆரியங்காவு தாண்டும்போதே வலிப்பு வந்துருச்சு.

டாக்டர் மலையாளத்துல கரள், கரள்னாரு, சித்திக்கு புரியல, ஈரலத்தான் சொல்றாருன்னு நான் சொன்னதும் அப்படியே உக்காந்துட்டாங்க. சிரோசிஸ், அதாவது ஈரல் கெட்டு இறுகிப்போறது. கொழுப்பு ஈரலா இருந்தப்பவே குடிய விட்டிருந்தா சரியாகியிருக்குமாம், இது தழும்பு மாதிரி, இனி தொடாம இருந்தா மேல மோசமாகுறத குறைக்கலாம், அவ்வளவுதான்.

மூளை விஷயம்தான் எனக்கு புதுசு. ரொம்ப வருஷம் குடிக்கிறவங்களுக்கு பி1 வைட்டமின் உடம்புல சரியா சேராது, அதனால கண்ணு தடுமாறி, நடை தள்ளாடி, குழப்பம் வரும், பேரு வெர்னிக்கே, நாம போதைன்னு நினைச்சு விட்டுருவோம். குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே பி1 ஊசிய நரம்புல போட்டாங்க. கவனிக்காம விட்டா கோர்சகாஃப்னு புதுசா எதுவும் ஞாபகத்துல நிக்காத நிலைக்கு போயிருமாம். ஈரல் சுத்தம் பண்ணாத அம்மோனியாவும் மூளைய மந்தமாக்கும், அதுக்கு மலம் இளக்குற லாக்டுலோஸ் சிரப், தினம் ரெண்டு மூணு தடவ வெளிக்கி போகணும்.

இப்ப வீட்லதான் இருக்காரு. நேத்து என் பேர் சொல்லி கூப்பிட்டாரு, அழுதுட்டேன். ஆனா காலைல என்ன சாப்பிட்டீங்கன்னா புட்டுங்காரு, சித்தி வச்சது இட்லி.